அலங்காரத்துக்கு முந்தைய பக்கம்



நினைவுச் சொற்பொழிவு இறந்தவரைப் புகழ்வதற்கு மட்டுமல்ல. எதையெல்லாம் நினைவில் வைக்கப் போகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வதற்கும்தான். அந்தக் கேள்வியோடு ஃபுளோரா நுவாபாவைப் பற்றிப் பேசுகிறேன்.

நைஜீரியாவின் தென்கிழக்கில் ஏரிக்கரையில் இருக்கும் இக்போ மக்களின் ஊர் ஒகுட்டா. நுவாபா 1931இல் அங்கே பிறந்தவர். ஆங்கிலத்தில் நாவல் வெளியிட்ட முதல் ஆப்பிரிக்கப் பெண்களில் ஒருவர். 1966இல் வந்த அவரது முதல் நாவல் ‘எஃபுரு’வில் அந்த ஊரே இருக்கிறது: சந்தை நாட்கள், வியாபாரம் செய்து சம்பாதிக்கும் பெண்கள், விருந்தாளிக்குக் கோலா கொட்டை உடைக்கும் முறை, ஏரிக்குள் வாழும் பெண் தெய்வம் உஹாமிரி.

“பெண்களின் ஊர்க்கதை, சமூகவியல் தகவல், இலக்கியம் குறைவு” என்றார்கள் அன்றைய விமர்சகர்கள் சிலர். நமக்குப் பழக்கமான குரல்தான் இது. தலித் எழுத்தைப் பார்த்தும் இதையே சொன்னார்கள். சமூகவியல் படித்தவள் என்ற முறையில் கேட்கிறேன்: ஒரு பெண் தன் ஊரை எழுதினால் மட்டும் அது ஏன் வெறும் தகவலாகிவிடுகிறது?

நாவலில் ஒரு காட்சி. எஃபுரு கூந்தலைப் பின்னி, மணிகள் அணிந்து, இடுப்பில் வெல்வெட் துணி கட்டிச் சந்தைக்கு வருகிறாள். பார்ப்பவர்கள் அவளுக்குக் காசும் பரிசும் கொடுக்கிறார்கள். இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்தால் சுற்றுலாத் துறையின் துண்டறிக்கைக்குப் போதும். ஆனால் நுவாபா அதற்கு முந்தைய பக்கங்களையும் எழுதியிருக்கிறார். அவளுடைய பெண்ணுறுப்பை அறுத்திருக்கிறார்கள். ஊர் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘குளியல்’. அவள் அலறியதையும் படுத்துக் கிடந்ததையும் மாமியார் பார்த்துப் பார்த்துச் சோறு போட்டதையும் சொல்லிவிட்டுத்தான் அவளைச் சந்தைக்கு அனுப்புகிறார். அந்த அலங்காரமே, காயம் ஆறியதற்கு ஊர் எடுக்கும் விழா.

இன்னொன்று. எஃபுருவின் அப்பா இறந்ததும் பீரங்கி முழங்குகிறது. அது பெரிய குடும்பத்துச் சாவுக்குக் கிடைக்கும் மரியாதை. அந்தப் பீரங்கிகளை வைத்திருந்த குடும்பங்கள் வெள்ளையரோடு சேர்ந்து அடிமை வியாபாரம் செய்தவை என்பதையும் நுவாபா அதே இடத்தில் எழுதிவிடுகிறார். இத்தனைக்கும் அவர் ஊரை இழிவுபடுத்தவில்லை. அவ்வளவு நேசித்ததால்தான் மறைக்காமல் எழுத முடிந்தது.

மாணவர்களே, நம் பறையை, உணவை, உடையை, குலசாமியை ஆவணப்படுத்த இன்று நிறையப் பேர் கிளம்பியிருக்கிறீர்கள். இழிவென்று சொல்லப்பட்டதைப் பெருமையோடு எழுதுவது நம் அரசியல். அதை யாருக்காகவும் விட வேண்டாம். ஆனால் குறிப்பேட்டை மூடுமுன் வீட்டுக்குள் இருக்கும் பெண்களிடமும் கேளுங்கள். இந்தச் சேலையை எப்போது கட்டினாய், அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வது நமக்குச் சங்கடமாக இருக்கலாம். அதையும் சேர்த்து எழுதினால்தான் அது நம் வரலாறு.

ஜெய்பீம்.