குதிகால் தரையைத் தொட



வீட்டு வாசலிலும் நந்தவனத்திலும் நித்திய கல்யாணி பூத்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அச்செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து, 1960-களிலிருந்து குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அளிக்கப்பட்டு வருகிறது. (செடியை மென்று பார்க்க வேண்டாம், அது நஞ்சு.) உயிரைக் காக்கும் அம்மருந்து நரம்புகளை நலியச் செய்வதும் உண்டு. மிக நீண்ட நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. ஆகையால் பாதமே முதலில் துன்புறுகிறது.

இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. 2009-ஆம் ஆண்டில், நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளிக்கு ஒரு சிறுவன் நீண்ட சிகிச்சைக்குப்பின் திரும்பி வந்தான். காலை வழிபாட்டு வரிசையில் அவன் பாதம் சரக் சரக்கென்று தரையில் உரசும். "காலைத் தூக்கி நடடா!" என்று அனைவர் முன்னும் அதட்டினேன். மறுநாள் அவன் தாயார் வந்து, "ஐயா, அவன் தூக்கத்தான் பார்க்கிறான், பாதம் எழும்பவில்லை" என்றார். அன்று அடைந்த நாணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

முழங்காலுக்குக் கீழே முன்புறத் தசைகள் பாதத்தை மேலே தூக்குகின்றன. பின்புறத்து ஆடுசதை கீழே இழுக்கிறது. நரம்பு நலிந்தால் முன்தசை சோர்கிறது. எதிர்த்து இழுப்பார் இல்லாமையால் ஆடுசதை நாளடைவில் குறுகிவிடுகிறது. கணுக்கால் மூட்டு இறுகுகிறது. குதிகால் தரையைத் தொடாமல் குழந்தை நுனிக்காலில் நடக்கிறது. மருந்து நின்றபின் நரம்பு பெரும்பாலும் மெல்ல மெல்லத் தேறும். குறுகிய தசையோ தானே நீள்வதில்லை. நரம்பு தேறி வரும்போது மூட்டு இறுகிக் கிடந்தால் பயன் என்ன? ஆதலால், சிகிச்சை நடக்கும்போதே பயிற்சியைத் தொடங்குதல் நலம்.

அத்தாயார் செய்த பயிற்சியைப் பின்னர்க் கண்டேன். மகனின் முழங்காலை நீட்டி வைத்து, குதிகாலைப் பற்றி, பாதத்தை மெல்ல மேல்நோக்கி வளைத்து, முப்பது எண்ணும்வரை நிறுத்துவார். முழங்கால் ஏன் நீண்டிருக்க வேண்டும்? ஆடுசதையின் பெருந்தசை முழங்காலைக் கடந்து தொடை எலும்பில் பற்றியிருக்கிறது. முழங்காலை மடக்கினால் அது தளர்ந்துவிடும், நீளாது. இரவில் பாதம் தொங்காதபடி தாங்கியொன்று கட்டுவார். வலிந்து இழுத்தல் கூடாது. சிகிச்சையில் சேரும் ஸ்டீராய்டு மருந்துகள் எலும்பையும் மெலியச் செய்யலாம். எனவே இயன்முறை மருத்துவர் காட்டிய அளவைத் தாண்டலாகாது.

சிறுவனுக்கோ ஒரே சலிப்பு. முப்பது எண்ணும் பொறுமை எந்தச் சிறுவனுக்கு உண்டு? அவன் தோழர்கள் மைதானத்தில் கோடு கிழித்து, குதிகாலால் மட்டும் நடக்கும் பந்தயம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். முதல் நாள் எல்லோரும் விழுந்தார்கள்; நானும் தள்ளாடினேன்.

எட்டு மாதங்களுக்குப்பின் ஒருநாள், வழிபாட்டு வரிசையில் அந்தச் சரக் ஓசைக்காகச் செவி சாய்த்து நின்றேன். அது வரவில்லை. அவன் எங்கே நடக்கிறான் என்றறிய, ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தேட வேண்டியதாயிற்று.