மணமுறிவும் நகைப்பும்: ஹொலிவூட்டின் ஆரம்பகாலப் படங்கள் சில



விவாகரத்து துயரமான விடயம். கணவன் மனைவியை ஏமாற்றுவதும், மனைவி கணவனை ஏமாற்றுவதும் நாவலிலும் நாடகத்திலும் பெரும்பாலும் சோகப் பொருளாகவே கையாளப்பட்டு வந்துள்ளன. ஆனால் ஹொலிவூட் தனது ஆரம்ப காலத்திலேயே இதனை நகைப்புக்குரிய பொருளாகவும் எடுத்துக்கொண்டது. அந்த நகைப்பு வெறும் பொழுதுபோக்குத்தானா? அல்லது மணவாழ்வு பற்றி அது எதையேனும் நமக்கு உணர்த்துகிறதா? சில படங்களைக் கொண்டு இதனைப் பார்ப்போம்.

முதலில் சிசில் பி. டிமில். பின்னாளில் பிரமாண்டமான வேதாகமக் கதைப் படங்களுக்குப் பேர்போன இந்த நெறியாளர், 1919இல் "டோன்ட் சேஞ்ச் யுவர் ஹஸ்பண்ட்", 1920இல் "வை சேஞ்ச் யுவர் வைஃப்" என்ற இரு மௌனப் படங்களைத் தந்தார். கணவனை மாற்றாதே என்கிறது முதலாவது. மனைவியை ஏன் மாற்றுகிறாய் என்று கேட்கிறது இரண்டாவது. இரண்டிலும் குளோரியா சுவான்சன் கதாநாயகி. வெங்காயம் தின்னும், தோற்றத்தில் அக்கறையில்லாத கணவனை விட்டு முதற்படத்து மனைவி விலகுகிறாள். மறுபடத்தில், அலங்காரத்தில் நாட்டமில்லாத மனைவியை விட்டுக் கணவன் விலகுகிறான். இருவரும் வேறு மணம் செய்து, ஏமாந்து, பழைய துணையிடமே திரும்புகிறார்கள். திருந்துவது என்றால் இங்கு பெரும்பாலும் தோற்றம் திருந்துவதுதான். உபதேசமும் உடையலங்காரமும் கலந்த படங்கள் இவை எனலாம்.

ஜேர்மனியிலிருந்து வந்த ஏர்ன்ஸ்ட் லுபிட்ஷ் இதனை வேறொரு தளத்துக்கு உயர்த்தினார். 1924இல் வெளிவந்த "த மரேஜ் சேர்க்கிள்" வியன்னா நகரில் நடக்கும் கதை. ஒரு காலை நேரம். பேராசிரியர் ஸ்டொக் காலுறையை மாட்டுகிறார். விரல் வெளியே தெரிகிறது. மனைவியின் லாச்சியிலோ காலுறைகள் நிறைந்து கிடக்கின்றன. அந்த வீட்டில் அன்பு தீர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. பேசாப் படத்தில் ஓர் ஓட்டைக் காலுறை பேசிவிடுகிறது.

அந்த மனைவி மிட்ஸி, தன் தோழி ஷார்லட்டின் கணவனான வைத்தியரை வளைக்கப் பார்க்கிறாள். ஷார்லட்டோ வேறொரு பெண்மீது சந்தேகப்பட்டு, தன் கணவனைக் கவனித்துக்கொள்ளும்படி மிட்ஸியிடமே ஒப்படைக்கிறாள். நாம் சிரிக்கிறோம். ஆனால் முடிவில் வரும் ஒரு கட்டம் சற்றுக் கூர்மையானது. வைத்தியரின் சகபாடி ஷார்லட்டை முத்தமிட்டது உண்மை. அதை அவளே கணவனிடம் சொல்கிறாள். கணவன் நம்பாமல் சிரிக்கிறான். தன் மனைவியையும் இன்னொருவன் விரும்பக்கூடும் என்பது அவனுக்கு எட்டவே இல்லை. தன்னை மன்னிக்கும்படி வேண்டி நிற்கும் ஆண், மனைவியைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதே இங்குள்ள நையாண்டி.

அடுத்து வந்தது கட்டுப்பாட்டின் காலம். 1930இல் எழுதப்பட்ட ஒழுக்கக் கோவை 1934 நடுப்பகுதியிலிருந்து கண்டிப்பாக அமுலுக்கு வந்தது. "கே டிவோர்ஸ்" என்ற மேடை நாடகம் அதே ஆண்டில் படமானபோது அதன் பெயர் "த கே டிவோர்ஸி" என்றாயிற்று. விவாகரத்து மகிழ்ச்சிகரமாக இருக்கக்கூடாதாம். விவாகரத்தான பெண் மகிழ்ச்சியாக இருக்கலாமாம்! கள்ள உறவை இரசித்துக் காட்ட முடியாத நிலையில், பிரிந்த தம்பதியர் மீண்டும் சேரும் கதைகள் பெருகின. அமெரிக்க மெய்யியலாளர் ஸ்டான்லி கவெல் 1981இல் எழுதிய நூலில் இவற்றை மறுமணக் கொமடி என்று தனி வகையாகவே கொண்டார்.

இவ்வகையில் எனக்கு மிகவும் பிடித்தது 1937இல் வெளிவந்த "த ஓவ்ஃபுல் ட்ரூத்". லியோ மக்காரிக்குச் சிறந்த நெறியாளருக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றுக்கொடுத்த படம். புளோரிடா போய்வந்ததாகச் சொல்லிக் கணவன் (கேரி கிராண்ட்) கூடை நிறையத் தோடம்பழம் கொண்டு வருகிறான். பழத்தில் கலிபோர்னியா முத்திரை! மனைவியோ (ஐரீன் டன்) சங்கீத ஆசிரியருடன் இரவைக் கழித்துவிட்டு வந்து, கார் பழுதாகிவிட்டது என்கிறாள். நம்பிக்கை பற்றிப் பிரசங்கம் செய்த கணவனே அவளை நம்ப மறுக்கிறான். நீதிமன்றம் 90 நாள் அவகாசம் கொடுக்கிறது.

உண்மையில் யார் தவறு செய்தார்கள்? படம் கடைசிவரை திட்டவட்டமாகச் சொல்வதில்லை. சாட்சியம் கேட்டுக் குடும்பம் நடத்த முடியாது என்பதே அதன் உள்ளுறை. அவகாசம் முடியும் நள்ளிரவில், கடிகாரத்தின் இரு பொம்மைகளும் தத்தம் கதவால் உள்ளே போவதற்குப் பதிலாக, ஆண் பொம்மை பெண் பொம்மையின் கதவுக்குள் நுழைகிறது. கோவை தடுத்ததைக் குறும்பாகச் சொல்லும் முறை இது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். இத்தம்பதியருக்குப் பணக் கவலை இல்லை, குழந்தைகள் இல்லை. நீதிமன்றத்தில் இவர்கள் உரிமை கோருவது ஒரு நாய்க்குத்தான். ஒரு பிள்ளை அந்த இடத்தில் நின்றிருந்தால் நம்மால் சிரிக்க முடியுமா? நிஜத்தில் 1967 வரை நியூயோர்க் மாநிலத்தில் விவாகரத்துக்கு இருந்த ஒரே காரணம் பிறர் உறவு. அதை மன்றில் நிரூபிக்க வேண்டிய அவமானம் இப்படங்களில் இல்லை.

மேலும், மன்னிப்பு எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. 1940இல் ஜோர்ஜ் கியூகோர் நெறிப்படுத்திய "த பிலடெல்பியா ஸ்டோரி"யில், வேறு பெண்ணை நாடிய தந்தை, மகளின் பாசக் குறைவே அதற்குக் காரணம் என்கிறார். படமும் அவரைக் கண்டிப்பதில்லை, மகளே பணியவேண்டியிருக்கிறது. அதே ஆண்டு ஹவார்ட் ஹோக்ஸ் தந்த "ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே" ஓரளவு ஆறுதல். மூல நாடகத்தில் ஆணாக இருந்த பத்திரிகை நிருபரை ஹோக்ஸ் பெண்ணாக்கினார். அவள் பழைய கணவனிடம் திரும்புகிறாள் என்பதைவிட, தன் தொழிலிடம் திரும்புகிறாள் என்பதே பொருத்தம்.

ஆக, இப்படங்களை ஒழுக்கக்கேடு என்று ஒதுக்குவதும், வெறும் கேளிக்கை என்று தள்ளுவதும் சரியல்ல என்பது என் அபிப்பிராயம். மணம் ஒருநாள் சடங்கோடு முடிவதில்லை, அதை இருவரும் மீண்டும் தெரிவுசெய்ய வேண்டும் என்பதை இவை சிரித்துக்கொண்டே சொல்கின்றன. அந்தத் தெரிவில் பெண்ணுக்கும் சமபங்கு உண்டா என்ற கேள்வியோடு பார்த்தால், இன்றும் இவை பயன்தரும்.