ஓய்வுக்காலத்தில் ஒரு பாய்மரப் படகு: பார்க்க வேண்டியது விலையா, செலவா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்குபவர்களைக் கவனித்திருப்பீர்கள். செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விரலால் அழுத்துவார்கள், பள்ளம் விழுந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். பதினைந்து வெள்ளி மீனுக்கே இத்தனை சோதனை! ஆனால், இதே மனிதர் 40,000 வெள்ளி கொடுத்து ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கப் போகும்போது, வெளியே பளபளக்கும் வெள்ளை வண்ணத்தையும் உள்ளே இருக்கும் மெத்தையையும் பார்த்து மயங்கிவிடுவது உண்டு. அந்த மயக்கத்தின் விலை என்ன என்பதே இன்றைய பேச்சு.

“பாய்மரப் படகு பணக்காரர்களின் பொழுதுபோக்கு ஆயிற்றே” என்று சிலர் நினைக்கலாம். புதிய படகு அப்படித்தான். ஆனால், முப்பது, நாற்பது ஆண்டு ஓடிய 30 அடிப் படகுகள் பல, சிங்கப்பூரில் ஒரு புதிய காருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கின்றன. காருக்குப் பத்து ஆண்டுகளில் உரிமைச் சான்றிதழ் முடிந்துவிடுகிறது. படகுக்கு அப்படிப்பட்ட கெடு இல்லை. எனவேதான், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு கணவனும் மனைவியுமாகக் கடலோடு சில ஆண்டுகள் வாழலாம் என்ற எண்ணம் நடுத்தர வருமானக்காரர்களுக்கும் வருகிறது. எண்ணம் நல்லதுதான். பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

பெரும்பாலோருக்கு அது மத்திய சேமநிதியிலிருந்து 55 வயதில் எடுக்கக்கூடிய தொகையாகவோ, வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்கு மாறியதில் மிஞ்சிய தொகையாகவோ இருக்கும். இளவயதில் இழந்த பணத்தை உழைத்து மீட்கலாம். ஓய்வுபெற்றவர் இழந்த பணம் திரும்பி வருவதில்லை. தேக்காவுக்கு அருகில் இருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. அங்கே வாங்கிய கடிகாரம் ஓடாவிட்டால் சில வெள்ளிதான் நட்டம். படகு ஓடாவிட்டால் முதுமையின் சோறு போய்விடும்.

வயதல்ல, பராமரிப்பு

பழைய கலம் என்பதாலேயே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஈழத்து வல்வெட்டித்துறையில் தமிழர்கள் கட்டி, சரக்கு ஏற்றி ஓட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். சுமார் 90 அடி நீளமுள்ள அந்த மரக்கலம் 1938 ஆகஸ்டில், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கிளாஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அவர்கள் ஓட்டிச் சென்றது உழைத்துப் பழகிய ஒரு கப்பலை.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. கோல்டன் குளோப் என்ற தனிநபர் உலகச் சுற்றுப் போட்டிக்கு 32 முதல் 36 அடி வரை நீளமுள்ள, 1988க்கு முன் வடிவமைக்கப்பட்ட படகுகளையே அனுமதிக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நொய்ஷேஃபர் முதலிடமும், இந்தியக் கடற்படை முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி இரண்டாமிடமும் பெற்றனர். பழைய வடிவம் உலகைச் சுற்றும். ஆனால், புறப்பட்ட 16 பேரில் எங்கும் நிற்காமல் சுற்றி முடித்தவர்கள் மூவர் மட்டுமே என்பதையும் மறக்கக்கூடாது.

நீளம் கூடினால்

அடுத்து, எவ்வளவு பெரிய படகு? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘இன்னும் 10,000 வெள்ளி போட்டால் 40 அடிப் படகே கிடைக்கிறதே’ என்ற ஆசை வருகிறது. 30 அடியிலிருந்து 40 அடிக்குப் போனால் நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஒரே வடிவமுள்ள படகு என்றால், எடை இரண்டேகால் மடங்கைத் தாண்டிவிடும். எடை கூடினால் பாய், நங்கூரம், சங்கிலி, இயந்திரம் எல்லாமே பெரிதாகும். படகுத்துறைகளில் நிறுத்தக் கட்டணமும் பொதுவாக நீளத்தைப் பொறுத்தே வாங்கப்படுகிறது.

படகின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது படகுக்காரர்களிடையே வழங்கும் ஒரு தோராயக் கணக்கு. பழைய படகுக்கு அதுவும் போதாது. 200,000 வெள்ளிக்குப் புதிதாக விற்ற படகு இன்று 40,000க்குக் கிடைக்கலாம். அதற்கு மாட்ட வேண்டிய புதிய பாயின் விலை குறைந்துவிடவில்லை!

ஒரு பேச்சுக்கு, கையில் மொத்தம் 60,000 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 35,000க்கு மேல் படகின் விலை போகக்கூடாது. 15,000 வெள்ளியை முதல் ஆண்டுப் பழுதுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மிச்சம் 10,000 தொடக்கூடாத பணம். சேமநிதி ஆயுள் திட்டத்தில் 65 வயதுமுதல் வரவேண்டிய மாதத் தொகைக்கு எந்தக் குறையும் வராமல் இந்த 60,000 தேறுகிறதா என்பதை அதற்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். ராபின்சன் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றியது 32 அடிப் படகில்தான். இருவருக்கு அந்த அளவு தாராளம்.

செவுளைத் தூக்கிப் பார்ப்பது எப்படி?

முதலில் உடல். இன்று விற்பனைக்கு வரும் பழைய படகுகளில் பெரும்பாலானவை கண்ணாடியிழையால் ஆனவை. அது மரம்போல் மட்காது; ஆனால், நீண்ட நாள் நீரில் கிடந்தால் அடிப்பகுதியில் கொப்புளங்கள் வரும். மேல்தளத்தின் நடுவே பல படகுகளில் பால்சா என்ற மென்மரத்தை வைத்திருப்பார்கள். திருகாணித் துளை வழியே மழைநீர் இறங்கினால் அது ஊறி அழுகிவிடும். சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் ‘டக்’ என்று கணீரென ஒலிக்கும்; கெட்ட இடம் சொதசொதப்பாக ஒலிக்கும்.

இரண்டாவது, கீல். படகின் அடியில் கத்திபோல் இறங்கி நிற்கும் இந்த இரும்பு அல்லது ஈயப் பாரம்தான் படகு கவிழாமல் காக்கிறது. பல படகுகளில் இதைத் தண்டாணிகளால் முடுக்கியிருப்பார்கள். படகு எப்போதாவது தரைதட்டியதா என்று உரிமையாளரிடம் நேராகக் கேட்க வேண்டும். 2014 மே மாதம் ‘சீக்கி ராஃபிக்கி’ என்ற 40 அடிப் படகின் கீல் அட்லாண்டிக் நடுவே கழன்றது. அதில் சென்ற பிரிட்டிஷ்காரர்கள் நால்வரும் மாண்டனர். அந்தப் படகு அதற்குமுன் தரைதட்டியிருந்ததை விசாரணை அறிக்கை எடுத்துக்காட்டியது.

மூன்றாவது, பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள். வெளியே மினுங்கினாலும் முனைகளில் உள்ளுக்குள் அரித்திருக்கும். பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். கடைசியாக மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று கொண்டு விலை பேசுவதே நல்லது.

நான்காவது, இயந்திரம். நம் வட்டாரம் நிலநடுக்கோட்டை ஒட்டியது. பருவக்காற்று மாறும் மாதங்களில் காற்றே இராது. திடீரென்று சுமத்ரா சூறைக்காற்று அடிக்கும். சுற்றிலும் பெரிய சரக்குக் கப்பல்கள். எனவே இங்கே பாய்மரப் படகுக்கும் இயந்திரம்தான் உயிர். படகில் ஏறியவுடன் இயந்திரத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், கிளம்ப அடம்பிடிக்கும் இயந்திரத்தை முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்ல வேண்டும். கரும்புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் படகு பிடித்திருந்தால், தகுதிபெற்ற மதிப்பாய்வாளரை வாங்குபவரே தம் செலவில் அமர்த்த வேண்டும். விற்பவர் தரும் பழைய அறிக்கையை நம்பக்கூடாது. படகைக் கரையேற்றிப் பார்க்க வேண்டும். கடலிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய படகுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த அறிக்கையைக் கேட்கின்றன. இதற்குச் செலவாகும் தொகையை மிச்சப்படுத்த நினைப்பது, செவுளைப் பார்க்காமல் மீன் வாங்குவதுதான்.

எங்கே வாங்குவது, யார் ஓட்டுவது?

1987 முதல் தீர்வையற்ற தீவாக இருக்கும் லங்காவியில், நெடும்பயணத்தை முடித்துக்கொண்ட வெளிநாட்டவர் தங்கள் படகுகளை விற்பதுண்டு. ஆனால், அவற்றைச் சிங்கப்பூருக்குள் இறக்குமதி செய்தால் பொருள், சேவை வரி உண்டு. 2024 முதல் அது 9 விழுக்காடு. சிங்கப்பூரில் வைத்து ஓட்டுவதானால் கடல்துறை, துறைமுக ஆணையத்திடம் படகுக்கு உரிமம் பெற வேண்டும். இயந்திரம் பொருத்திய படகை ஓட்டுபவருக்கும் உரிமம் வேண்டும். பத்திரத்தில் உள்ள பெயரும் விற்பவரின் பெயரும் ஒன்றா, கடன் பாக்கியோ நிறுத்தக் கட்டணப் பாக்கியோ இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

பலர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. கணவர் கடலில் விழுந்தால் மனைவியால் படகை நிறுத்தி, அவரை மேலே ஏற்ற முடியுமா? புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் டில்னாவும் 2024 அக்டோபர் முதல் 2025 மே வரை ‘தாரிணி’ என்ற படகில் இருவராகவே உலகைச் சுற்றி வந்தார்கள். அவர்கள் பல ஆண்டு பயிற்சி பெற்ற கடற்படை அதிகாரிகள். கரையில் ஒரு கடற்படையே துணை நின்றது. அறுபது வயதுத் தம்பதிக்கு அந்தத் துணை இல்லை. எனவே, வாங்குமுன் இருவரும் ஓராண்டாவது பிறர் படகில் சேர்ந்து பழக வேண்டும். சாங்கி பாய்மரப் படகுச் சங்கம் போன்ற இடங்களில் வார இறுதிகளில் இதற்கு வழி தேடலாம். மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்பது படகு வாங்கிய பிறகு தெரிவதைவிட, முன்பே தெரிவது எவ்வளவோ மேல்.

“நாளைக்கு வேறொருவர் பார்க்க வருகிறார், இன்றே முன்பணம் கொடுங்கள்” என்று விற்பவர் சொன்னால், அந்த வேறொருவரே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். பழைய படகுகள் வந்துகொண்டேதான் இருக்கும். ஓய்வுக்காலச் சேமிப்பு ஒன்றுதான் இருக்கிறது.