நாற்பது வயதில் தெரியவரும் பிறவிக்குறை

இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி தமனிகள் இரண்டும் மகாதமனியிலிருந்து கிளம்ப வேண்டும். ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு இடது கரோனரி மட்டும் நுரையீரல் தமனியிலிருந்து முளைத்துவிடுகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. தப்பிப் பிழைப்பவர் நாற்பது வயதில் ஏதோவொரு ஸ்கேனில் விவரம் தெரிந்து, "இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே, இப்போது எதற்கு நெஞ்சைத் திறக்க வேண்டும்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

அவரைக் காப்பாற்றி வந்தது வலது கரோனரி. அது பருத்து, கிளைவிட்டு, இடப்பக்கத்துக்கும் ரத்தம் அனுப்புகிறது. ஆனால் நுரையீரல் தமனியில் அழுத்தம் குறைவு. கடைமடை வயலுக்குப் போகவேண்டிய தண்ணீர் பள்ளத்து ஓடையில் வடிவதுபோல, வந்த ரத்தம் தசையை நனைக்காமல் அங்கே ஓடிவிடுகிறது. 1960-இல் மருத்துவர் சபிஸ்டனும் அவரோடு மருத்துவர்கள் நீல், டாசிக் ஆகியோரும் வெளியிட்ட சான்றை நேயர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இடது கரோனரியை அது முளைக்கும் இடத்தில் அடைத்தபோது உள்ளே அழுத்தம் குறையவில்லை, ஏறியது! நுரையீரல் பக்கமிருந்து ரத்தம் வந்திருந்தால் குறைந்திருக்கும். ஆக, ரத்தம் பின்னோக்கித்தான் ஓடுகிறது. நோயாளிக்கு வலியே இல்லாவிட்டாலும் இந்தக் கசிவு நிற்பதில்லை. தசையில் தழும்பு விழும், மைட்ரல் வால்வு ஒழுகும். சிலருக்குத் திடீர் மரணமே முதல் அறிகுறி. முதுமைவரை வாழ்ந்தவர்களும் உண்டு என்பது உண்மை. அந்தச் சிலரில் இவரும் ஒருவரா என்று முன்கூட்டிச் சொல்லத்தான் வழியில்லை.

அப்படியானால் இடது கரோனரி முளைக்கும் வாயை மட்டும் கட்டிவிட்டால் போதாதா? ஆரம்பக் காலத்தில் அதைத்தான் செய்தார்கள். கசிவு நிற்கும், ஆனால் முழு இதயமும் ஒரே தமனியை நம்பியிருக்கும். அதனால், தமனியைப் பெயர்த்து மகாதமனியில் பொருத்துவதே முதல் தேர்வு. பெரியவர்களுக்கு அது விறைத்து, இழுத்தால் எட்டாமல் போகலாம். அப்போது மார்பின் உட்புறத் தமனியை எடுத்து பைபாஸ் செய்து, பழைய வாயையும் மூட வேண்டும். மூடாமல் விட்டால் பைபாஸ் ரத்தமும் அதே வழியில் வடிந்துபோகும். அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் 2018 வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு அறுவை சிகிச்சையையே பரிந்துரைக்கிறது. இந்தக் குறை இருப்பதாகச் சொல்லப்பட்ட நேயர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தள்ளிப்போடாமல், பிறவி இதய நோயில் தேர்ந்த அறுவை மருத்துவர் ஒருவரை இந்த மாதமே பாருங்கள்.