வனத்தை எழுதிய வைத்தியர்



பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்காரத் துரையைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றவர் அவர். 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். யானைச் சாபம் என்றது ஊர். அது கிடக்கட்டும். இன்று நாம் பேசப்போவது, அதே ஊவாவின் தாழ்நிலக் காடுகளுக்குள் நோட்டுப் புத்தகத்தோடும் மருந்துப் பெட்டியோடும் நடந்த இன்னொருவரைப் பற்றி. அவர் டாக்டர் ஆர். எல். ஸ்பிட்டல்.

1881இல் தங்காலையில், ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்த பறங்கியர் இவர். கொழும்பு பொது வைத்தியசாலையில் பேர்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர். கிராமத்து ஏழைகளை வாட்டிய பறங்கிப்புண்ணை ஆராய்ந்து நூலும் எழுதினார். பறங்கியர் கொண்டுவந்த நோய் என்று நம்பியே மக்கள் அதற்கு அப்பெயர் இட்டார்கள். அந்த நோயைப் பற்றி எழுத வந்தவரும் ஒரு பறங்கியரே என்பது வரலாற்றின் குறும்பு எனலாம்.

நமுனுகுல மலையின் கிழக்குச் சரிவில் நின்று பார்த்தால் கீழே விரிவது வெல்லஸ்ஸ. வடக்கே மகியங்கனைப் பக்கம் பிந்தன்ன. வேடர்கள் வாழ்ந்த நிலம் அது. விடுமுறை கிடைத்த போதெல்லாம் ஸ்பிட்டல் அங்கேதான் போனார். 1924இல் வெளிவந்த 'வைல்ட் சிலோன்' அந்தப் பயணங்களின் விளைச்சல். 1941இல் வந்த 'சாவேஜ் சங்சுவரி', சட்டத்துக்கு அஞ்சிக் காட்டில் மறைந்து வாழ்ந்த திசாஹாமி என்ற வேடரின் கதை. நாவல் போலவே ஓடும். ஆயினும் அது காட்டில் நடந்து, வேடர்களோடு பேசிச் சேர்த்த கதை. அவருடைய எழுத்தின் பலமே இதுதான். மிருகத்தின் தடத்தையும் மனிதனின் தடத்தையும் அவர் ஒரே மண்ணில் பார்த்தார்.

இலங்கையில் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது 1894இல். தோற்றுவித்தவர்களில் பலர் வேட்டைப் பிரியர்களான தோட்டத் துரைமாரே. சுடுவதற்கு மிருகம் மிஞ்ச வேண்டுமே என்ற கவலை! அந்தச் சங்கத்தின் நோக்கம் வேட்டையிலிருந்து காப்புக்கு மாறிய காலத்தில் ஸ்பிட்டல் அதில் முக்கிய பங்காற்றினார். 1936இல் தொடங்கிய அதன் 'லோரிஸ்' சஞ்சிகைக்கு நெடுங்காலம் ஆசிரியராகவும் இருந்தார். லோரிஸ் என்றால் நம்முடைய தேவாங்குதான். 1937இல் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் யால தேசிய வனமாயிற்று.

இனி ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். வேடர் இனம் அழிந்தே தீரும் என்ற எண்ணம் அவர் எழுத்தில் நிழல் போல் தொடர்கிறது. 1950இல் வந்த 'வனிஷ்ட் ட்ரெயில்ஸ்' என்ற நூலின் பெயரே, மறைந்துபோன தடங்கள் என்றல்லவா சொல்கிறது! ஆனால் வேடர்கள் அழிந்துவிடவில்லை. காடுதான் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. கல்லோயா நீர்த்தேக்கம் ஒரு பகுதியை மூடியது. 1969இல் ஸ்பிட்டல் காலமானார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1983இல் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனமானபோது, தம்பானைப் பக்கத்து வேடர்கள் வேட்டைக் காட்டை இழந்தார்கள். பலர் எனானிகலவில் குடியேற்றப்பட்டனர். தலைவர் ஊருவரிகே திசாஹாமி மட்டும் தம்பானையை விட்டு நகர மறுத்து, 1998இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். (நாவலில் வரும் திசாஹாமி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மிருகத்துக்காகப் போட்ட வேலி மனிதனை வெளியே தள்ளுமானால், அதை எழுதுவதற்கு ஒரு ஸ்பிட்டல் அப்போது இருக்கவில்லை.

நமது மலையக இலக்கியம் கோப்பிக்கும் தேயிலைக்கும் காடு வெட்டிய கைகளைப் பாடியிருக்கிறது. வெட்டுண்ட காட்டைப் பற்றிப் பேசியது குறைவு. கூலிக்கு வெட்டியவன் மேல் அந்தப் பழியைப் போடுவதற்கில்லை. கோடரியைக் கையில் கொடுத்தவன் வேறு. ஆயினும் நமுனுகுல உச்சியில் தேயிலைக்கு மேலே எஞ்சியிருக்கும் காட்டின் மரங்களுக்கு நம் தோட்டத்தார் வழங்கும் பெயர்களைத் தொகுத்தாலே ஒரு நல்ல நூல் கிடைக்கும்.

ஸ்பிட்டலைப் படிக்க விரும்புவோர் 'வைல்ட் சிலோன்' நூலிலிருந்து தொடங்கலாம். அவருடைய மகள் கிறிஸ்டீன் வில்சன் தந்தையின் வரலாற்றை 1975இல் எழுதினார். அது கிடைத்தால் அடுத்ததாகப் படியுங்கள்.