மூக்கைக் கழுவும் உப்பு நீர்



நெல் தூற்றும் நாட்களில் தூசியால் மூக்கடைத்துத் துன்புறுவோர் நம்மிடையே பலர். மூக்குக் கெண்டியால் ஒரு நாசியில் உப்பு நீரை விட்டு, மறு நாசி வழியே வடியவிடும் ஜலநேதி அவர்களுக்கு நற்பயன் தரும். ஆயினும் எந்த நீரை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்ததே எல்லாம்.

குளத்து நீரிலும், சில வேளை குழாய் நீரிலும், கண்ணுக்குப் புலனாகாத அமீபா ஒன்று இருக்கக்கூடும். குடித்தால் அதனால் இந்நோய் வாராது. மூக்கில் ஏறினாலோ மூளையை அடைந்து, பெரும்பாலும் உயிரையே மாய்த்துவிடும். 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இவ்வாறே மாண்டனர். 2024-இல் கேரளத்தில் குளத்திலும் ஆற்றிலும் நீராடிய சிறுவர் சிலரை நாம் இழந்தோம்.

ஆகவே நீர் தளதளவென்று ஒரு நிமிடமேனும் கொதிக்கட்டும். மூடிவைத்து வெதுவெதுப்பாக ஆறியபின், அரை லிட்டருக்கு முக்கால் தேக்கரண்டி பொடியுப்பைக் கரையுங்கள். உடலின் நீரோடு உப்பின் அளவு ஒத்திருப்பதால் எரியாது. வெறும் நீரோ எரியும். குனிந்து தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு விடுங்கள். அடுப்புச் செலவாகிறதே என்று அன்பர் ஒருவர் நம்மிடம் குறைப்பட்டார். அரை லிட்டருக்கு என்ன பெரிய செலவு! கெண்டியையும் கொதித்தாறிய நீரால் கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.