ஊர் ஊராகப் பார்த்தால் வேறு கணக்கு



தேர்தல் முடிந்த மறுநாள் பத்திரிகையை விரித்தவுடன் நாம் தேடுவது வென்றவர் யார், எத்தனை வாக்கால் வென்றார் என்ற இரண்டையுமே. எந்த ஊர் யாருக்கு வாக்களித்தது என்று ஆறுதலாக இருந்து பார்ப்பவர் மிகச் சிலர். அவ்வாறு பார்க்கப் புகுந்தால், முதலிற் சரியெனத் தோன்றிய விளக்கம் பாதியே சரியென்று தெரியவருவதுண்டு. இதற்கு நல்லதோர் உதாரணம், ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மேய்ன் மாநிலத்தில் 2010ஆம் ஆண்டு நடந்த ஆளுநர் தேர்தல். ஆளுநர் என்றதும் மேலிருந்து நியமிக்கப்படும் எமது மாகாண ஆளுநரை எண்ணிவிடாதீர்கள். அங்கே மாநில நிர்வாகத்தின் தலைவர் அவரே. மக்களே அவரைத் தெரிகின்றனர்.

மேய்ன் ஏறக்குறைய 14 இலட்சம் மக்கள் வாழும் நாடு. காடும் கடலும் நிறைந்தது. ஆற்றோரங்களிலே துணி ஆலைகளும் கடதாசி ஆலைகளும் எழுந்த பழைய பட்டினங்கள் உள்ளன. வடக்கே அருஸ்டூக் பகுதியில் உருளைக்கிழங்குப் பயிர். ஏறக்குறைய 500 ஊர்ச் சபைகள் தத்தம் வாக்குகளைத் தாமே எண்ணி அறிவிக்கின்றன. எனவே ஊர் மனத்தை அறிய விரும்புவோனுக்கு அங்கே கணக்குக்குக் குறைவில்லை.

அந்த ஆண்டு களத்தில் நின்றவர்களுள் முக்கியமானோர் மூவர். குடியரசுக் கட்சியின் போல் லபேஜ் 218,065 வாக்குகள் பெற்றார். சுயேச்சை அபேட்சகர் எலியட் கட்லர் 208,270 வாக்குகள் பெற்றார். மாநில மேற்சபைத் தலைவியாயிருந்த ஜனநாயகக் கட்சியின் லிபி மிச்செல் அம்மையாருக்குக் கிடைத்தவை ஏறக்குறைய 110,000. நூற்றுக்கு 38 வீதமளவு பெற்றவர் ஆளுநரானார். இரண்டாமவருக்கும் அவருக்கும் இடையே பத்தாயிரம் வாக்குக் கூட இல்லை.

உடனே எல்லோரும் சொன்ன விளக்கம் ஒன்றே: எதிர்வாக்கு இரண்டாகப் பிளந்தது, நடுவே ஒருவர் நுழைந்துவிட்டார். இது பொய்யன்று. ஆனால் இவ்விளக்கம், பிளந்த வாக்குகள் யாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று எண்ணிக்கொள்கிறது. ஊர்களைப் பார்ப்போம்.

லூயிஸ்ரன் என்பது ஆலைப் பட்டினம். கனடாவின் கியூபெக்கிலிருந்து இரயிலேறி வந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கத் தொழிலாளர் அதன் துணி ஆலைகளை நிரப்பினர். அவர்கள் பட்ட அவமதிப்புக் கொஞ்சமன்று. அரசாங்கப் பாடசாலைகளில் ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டுமென்று 1919இல் மாநிலம் சட்டமியற்றியது. 1969இலேதான் அச்சட்டம் நீங்கியது. மொழிச் சட்டம் ஒன்று ஒரு சமூகத்தின் மனத்தில் எத்தனை தலைமுறைக்கு நிற்குமென்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இப்பட்டினம் பல தசாப்தங்களாக ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 2008இல் ஒபாமாவுக்கு வாக்களித்தது, 2012இலும் அளித்தது. இடையே 2010இல் லபேஜை ஆதரித்தது!

மர்மம் ஒன்றுமில்லை. லபேஜ் அந்த ஊரிலே 1948இல் பிறந்தவர். பதினெட்டுப் பிள்ளைகளுள் மூத்தவர். தந்தையின் அடிதாங்காது பதினொரு வயதில் வீட்டை விட்டு ஓடியவர். அவரது வீட்டுமொழி பிரெஞ்சு. கல்லூரி அனுமதிப் பரீட்சையின் மொழிப்பகுதியைப் பிரெஞ்சிலே எழுதவிட்ட பின்னரே அவருக்குக் கல்லூரி வாசல் திறந்தது. ஜனநாயகக் கட்சி ஆதரவு மிகுந்த வாட்டர்வில் நகரின் மேயராகவும் இருந்தார். அவர் கொள்கை கடுமையானது. நாக்கு அதனினும் கடுமையானது. பொதுநல உதவிகளை வெட்டுவேனென்றே அவர் வாக்குக் கேட்டார். எனினும் ஆலைத் தொழிலாளன் கட்சிச் சின்னத்தைத் தாண்டி நம்மவன் ஒருவனைக் கண்டான். அவ்வாறு கண்டது அவனுக்கு நன்மையாய் முடிந்ததா என்பது வேறு விவகாரம். நான் அதை ஐயத்தோடுதான் பார்க்கிறேன்.

கடலோரத்துக்கு வாருங்கள். மாநிலத்தின் பெரு நகரான போர்ட்லாந்தும், கட்லர் வாழ்ந்த கேப் எலிசபெத் போன்ற வசதிமிக்க பட்டினங்களும் ஜனநாயகக் கட்சிக்குப் பழகிய இடங்களே. அவை தம் கட்சியின் அபேட்சகியைக் கைவிட்டுச் சுயேச்சையின் பக்கம் சாய்ந்தன. கட்லர் சட்டத்தரணி, ஜனாதிபதி கார்ட்டரின் நிர்வாகத்தில் பணியாற்றியவர். படித்த வர்க்கம் தன்னைப்போன்ற ஒருவரை அவரிடம் கண்டது. ஆலையூர் ஒரு பக்கமும் கடலோரம் மறு பக்கமுமாக ஒரு கட்சியின் வீடு இரு வாசலாலும் காலியாயிற்று.

கட்சி செத்துவிட்டதோ என்று கேட்பீர்கள். அதே நாளில், அதே வாக்காளர், மத்திய காங்கிரஸ் சபைக்கு மாநிலத்தின் இரு தொகுதிகளிலும் ஜனநாயகக் கட்சியினரையே அனுப்பினர். ஆகவே எதிர்வாக்கு முழுவதும் ஒரே பெட்டியில் விழுந்திருக்கும் என்று கூட்டிப் பார்ப்பது கடதாசிக் கணக்கு. அன்று மிச்செல் அம்மையார் விலகியிருந்தால் கட்லர் வென்றிருக்கக்கூடும். கட்லர் விலகியிருந்தால் அம்மையார் வென்றிருப்பார் என்று யாரும் உறுதி கூறவியலாது.

இன்னொன்று. அங்கே தேர்தல் நாளுக்குப் பல நாட்களுக்கு முன்பே வாக்களித்துவிடலாம். கட்லருக்கு ஆதரவு பெருகியது கடைசி நாட்களில். முன்னரே வாக்கை இட்டவர் மனம் மாறினாலும் அதனைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

நிற்க. 38 வீதத்தோடு ஒருவர் ஆளலாமென்ற விதி எங்கிருந்து வந்தது? முன்னர் அம்மாநிலத்தில் அரைவாசிக்கு மேல் பெற்றவரே ஆளுநர். இல்லையேல் சட்டசபை தெரிவு செய்யும். 1879இல் மூவர் நின்று எவருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. முடிவைப் பற்றிய சண்டையில் ஆயுதந்தாங்கிய ஆட்கள் தலைநகரிற் கூடினர். உள்நாட்டுப் போரிற் புகழ்பெற்ற தளபதி சேம்பர்லேன் தலையிட்டு இரத்தஞ் சிந்தாமற் காத்தார். அந்த அச்சத்தில் 1880இல் அரசியலமைப்பைத் திருத்தி, கூடிய வாக்குப் பெற்றவரே வென்றவர் என்றாக்கினர். ஒரு நூற்றாண்டின் மருந்து மறு நூற்றாண்டின் நோயாயிற்று. 2016இல் மக்கள் தீர்ப்பெடுத்து, அபேட்சகர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறையை ஏற்றனர். 2017இல் மாநில உயர் நீதிமன்றம், 1880இன் வாசகம் நிற்குமட்டும் ஆளுநர் பொதுத்தேர்தலுக்கு அது செல்லாதெனக் கருத்துரைத்தது. 2018இலும் 2022இலும் ஆளுநர் தெரிவு பழைய முறையிலேயே நடந்தது. காங்கிரஸ் தேர்தலுக்குத் தடையில்லையாதலால், 2018இல் இரண்டாம் தொகுதியில் முதலெண்ணிக்கையிற் பின்தங்கிய கோல்டன் என்பவர் விருப்பு வாக்குகளால் வென்றார்.

அம்மக்கள் தம் ஆளுநர் தெரிவுக்கு வேண்டிநின்ற அந்த உரிமை, ஜனாதிபதித் தேர்தலில் எமக்கு 1982 முதல் இருக்கிறது. 2024 செப்டெம்பர் 21இல் வாக்களிப்பு நடந்த தேர்தலில் முதன்முறையாக இரண்டாவது எண்ணிக்கையும் நடந்தது. முதலிரு இடங்களில் வராத மற்றெல்லோரும் பெற்ற வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து அநுர குமார திசாநாயக்கவுக்குச் சேர்ந்தவை 105,264. சஜித் பிரேமதாசவுக்கு 167,867. இரண்டையுங் கூட்டினாலும் மூன்று இலட்சமில்லை. எஞ்சிய முப்பது இலட்சம் சீட்டுகள் இறுதிப் போட்டியில் எதுவும் பேசவில்லை. தமிழ்ப் பொது வேட்பாளருக்கு விழுந்த 226,343 வாக்குகளும் இந்த 33 இலட்சத்துள் அடங்கும். எந்த இருவரையும் வேண்டாமென்று கருதி விருப்பு எண்ணை விட்டவரை நான் குறை கூறேன். அதுவும் ஒரு தீர்ப்பே. ஆனால் இரண்டாம் எண் இடலாமென்பதே அறியாது சாவடியை விட்டு வந்தவர் எங்கள் ஊர்களில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். கமக்காரர் சங்கத்திலும் வாசிகசாலையிலும் அடுத்த தேர்தலுக்கு முன்பே கேளுங்கள்.